கதீஜா என்றால்

மூக்கு முடி வெட்டக் கத்தரிக்கோல் தேடப் போய் இவ்வளவு பெரிய குழப்பத்தில் மாட்டிக்கொள்ள முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் லிஃப்ட் மெக்கானிக் சிரித்திருப்பான். மனைவியும் அவனுடைய அக்காவும் மாதப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். வீடு முழுக்கத் தன் ராஜ்ஜியம் என்ற தைரியத்தில், அவன் ஒரு நாளும் தொடாத மனைவியின் தையல் மெஷின் இழுப்பறையை இழுத்தான். கத்தரிக்கோல் இருந்தது. அதற்குக் கீழே, நூல்கண்டுகளுக்கு அடியில், மெல்லிய துணியில் சுற்றி ஒரு வெள்ளைக் குழந்தைக் குல்லாவும் இருந்தது.

குல்லாவின் ஓரத்தில் நீல நூலில் ஒரு பெயர். கதீஜா.

பெயர் தைப்பதுதான் அவன் மனைவியின் தொழில். கடைத்தெருவில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து, பள்ளிச் சீருடை, நர்ஸ் கோட்டு, கம்பெனிச் சட்டை என்று எது வந்தாலும் பாக்கெட்டுக்கு மேலே பெயரைத் தைத்துக் கொடுப்பாள். இவன் போட்டுக்கொண்டு திரிகிற நீலச் சட்டையில் இருப்பதும் அவள் தைத்ததுதான். கல்யாணத்துக்கு முன்பு தைத்தது. அதற்குக் கறாராகக் கூலி வாங்கிக்கொண்டாள் என்பதை இன்றுவரை சொல்லிக்காட்டுவான். ஆகவே குல்லாவைப் பார்த்ததுமே அவள் கைவேலை என்று தெரிந்துவிட்டது.

ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்து வீடு வந்து சேரும்வரை அதற்கென்று ஒரு துணி வாங்கக் கூடாது, பெயர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. சட்டம் போட்டது அக்கா. முதல் ஆளாகத் தலையாட்டியது இவன். காரணம் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டது. பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பகல் இருந்தது. அன்று முழுவதும் இவன் மருந்து, ரத்தம் என்று மாடிப்படி ஏறி இறங்கி ஓடினான். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாலையில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தான். அங்கே பெயர் கேட்டார்கள். இன்னும் வைக்கவில்லை என்றான். வீட்டுக்கு வந்ததும், ஆசையாக வாங்கி வைத்திருந்த துணி, கொசுவலை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி யாருக்கோ கொடுத்துவிட்டான். இனிமேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னான். அவள் சரி என்றாள். அதோடு முடிந்தது என்று நினைத்தான். ஆண்பிள்ளைகள் இப்படித்தான். பெட்டியை ஒட்டிவிட்டால் உள்ளே இருந்தது உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது இரண்டாவது. ஆறு முடிந்து ஏழு தொடங்கியிருந்தது. இந்த ஒரு மாதம் மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று அவன் வேண்டாத தெய்வம் இல்லை. தெய்வ நம்பிக்கை தனக்குக் கிடையாது என்று சொல்லிக்கொண்டேதான் வேண்டினான்.

இந்த நிலைமையில் குல்லாவைப் பார்த்ததும் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருட்டுத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது. சட்டத்தை மீறித் தைத்திருக்கிறாள் என்றால் அவளுக்குப் பயம் விட்டுப்போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? கதீஜா, கதீஜா என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. தங்கள் பக்கம் யாரும் வைக்காத இந்தப் பெயரை எங்கே பிடித்தாள், பெண் என்று இவளுக்கு யார் சொன்னார்கள் என்பது மட்டும் புரியவில்லை. குல்லா ரொம்பச் சின்னதாக இருந்தது. குழந்தைகள் சின்னவைதானே என்று மடித்து, இருந்தபடியே வைத்துவிட்டான். லிஃப்ட் கதவின் இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிறவனுக்கு அதை அளக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு காது தானாகத் தீட்டிக்கொண்டது. ஒரு சாயங்காலம் வாசலில் ஷூவைக் கழற்றும்போது உள்ளே மனைவியின் குரல் கேட்டது. அக்கா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். வேறு யாரும் வீட்டில் இல்லை.

"கதீஜா, இன்னிக்கு ஒரே உதைதான் போ. உட்கார விடல, நிக்க விடல."

எட்டிப் பார்த்தான். மெஷின் முன்னால் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. அவன் சத்தம் போடாமல் வெளியே போய், இருமிக்கொண்டே மறுபடி உள்ளே வந்தான்.

இதை இப்படியே விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் மனிதனுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதே. அவன் பராமரிக்கிற கட்டடங்களில் ஒன்றில், நான்காவது மாடியில், அரபியிலிருந்து வியாபாரக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். அவன் வயதுதான் இருக்கும். பேச ஆள் கிடைத்தால் வேலையை அப்படியே போட்டுவிடுகிற ரகம். கதவு சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தவன், காப்பிக் கோப்பையோடு வெளியே வந்த அவளிடம், கதீஜா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான். ஒளி, நிலவு, முத்து, இப்படி ஏதாவது வரும் என்று முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டான்.

"குறைமாசத்துல பிறந்தவள்," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

அவன் கையிலிருந்த துணி நின்றது.

அவள் அதைக் கவனிக்காமல் உற்சாகமாகத் தொடர்ந்தாள். ஒட்டகம் நாள் நிறைவதற்கு முன்பே குட்டி போட்டுவிட்டால் அதைச் சொல்வதற்கென்றே பழைய அரபியில் ஒரு சொல் உண்டாம். அந்த வேரிலிருந்து வந்த பெயராம் இது. ஆனால் அர்த்தத்தைப் பார்த்து யாரும் வைப்பதில்லையாம். மக்காவில் பெரிய வியாபாரியாக இருந்து, ஆள் வைத்துத் தொலைதூரத்துக்குச் சரக்கு அனுப்பிய அம்மையார், நபிகள் நாயகத்தின் முதல் மனைவி, அவர் பெயர் என்பதற்காக வைக்கிறார்களாம். அவரே குறைமாதத்தில் பிறந்தவரா என்று அவன் கேட்டான். அது தனக்குத் தெரியாது, உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இருப்பதாகவும் தெரியவில்லை என்றாள். பிறகு அந்தப் பெயர் கப்பலிலும் ஒட்டகத்திலும் ஏறி எங்கெல்லாம் போனது என்று ஆரம்பித்தாள். துருக்கியில் ஹதிஜே, ஆப்பிரிக்காவில் ஒரு பக்கம் ஹதீஜா, இன்னொரு பக்கம் கதியாத்து. அவனுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஏழாம் மாதம், ஏழாம் மாதம் என்று மட்டும் உள்ளே அடித்துக்கொண்டது.

வீட்டில் ஒருத்தி தினமும் வயிற்றைத் தடவி, குறைமாதத்தில் பிறந்தவளே, குறைமாதத்தில் பிறந்தவளே என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் பிள்ளை வராதா?

இது பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரியும். மோட்டாருக்கு மின்சாரம் போனால் சுற்றும், போகாவிட்டால் நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எந்த லிஃப்டும் இறங்கி வந்ததில்லை. இரண்டு நாள் கழித்து, ஒன்றும் பழுதில்லாத நான்காவது மாடிக் கதவைப் பழுது பார்க்கப் போனான். பெயரின் அர்த்தம் பலிக்குமா என்று, யாரோ ஒரு நண்பனுக்காகக் கேட்பதுபோலக் கேட்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ராஜா என்று பெயர் வைத்தவன் எல்லாம் நாட்டை ஆள்கிறானா, நாள் நிறைந்து கொழுகொழுவென்று பிறந்த கதீஜாக்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்றாள். அவனுக்கு உயிர் வந்தது. சரி, உங்கள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்து, ஏற்கெனவே ஒன்று அப்படி ஆகியிருந்தால், நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவீர்களா என்று கேட்டான். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எனக்குன்னா... தெரியலங்க. வேற பேரா இல்ல?"

வந்த உயிர் வந்த வழியே போய்விட்டது. படித்தவள், அரபி தெரிந்தவள், அவளுக்கே தெரியவில்லை என்றால் இவன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. ஏதோ சரியில்லை, என்னவென்று புரியவில்லை என்றால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். யோசனையெல்லாம் அதற்கப்புறம்தான். புரியாமல் கை வைத்தவன் எவனும் முழுசாக வீடு திரும்பவில்லை என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவன் கைவிரல் பத்தும் பத்திரமாக இருப்பது அந்த விதியால்தான். அதே விதியை அவன் வீட்டிலும் பிரயோகித்தான். மறுநாள் காலை மனைவி குளிக்கப் போன நேரத்தில் குல்லாவை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மொழிபெயர்ப்பாளர் இருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கிற லிஃப்ட் மெஷின் அறையில், தன் டூல்ஸ் பெட்டிக்குள், ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டினான். குல்லா கண்ணில் படாவிட்டால் பெயர் ஞாபகம் வராது, ஞாபகம் வராவிட்டால் கூப்பிட மாட்டாள், மாதம் முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம். கணக்கு கச்சிதமாக இருந்தது. கண்ணில் படாவிட்டால் ஒரு பொம்பளை மறந்துவிடுவாள் என்று நினைத்தானே, அந்த இடத்தில்தான் கணக்கு உதைத்தது.

முதலில் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. அவன் வயிற்றைப் பார்த்துத் தானே ஒரு பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தான். போட்டிக்கு. "என்னடா மெதுவடை, எப்படி இருக்க?" என்பான். "மெதுவா வாடா, ஒண்ணும் அவசரமில்ல." மனைவி அவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள். தம்பிக்கு வேலையில் எங்கேயோ தலையில் அடிபட்டிருக்கிறது என்று அக்கா முடிவுகட்டினாள். மனைவி தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் பிடுங்கினான், தும்மினால் பதறினான். அந்தப் பெயர் மட்டும் அதற்குப் பிறகு அவன் காதில் விழவில்லை. பார்த்தாயா, மெயினை அணைத்தது சரிதான் என்று தன்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டான்.

சில வாரம் இப்படியே போனது. ஒரு நாள் மதியம், பக்கத்துத் தெருவில் வேலை சீக்கிரம் முடிந்து, சாப்பிட வீட்டுக்கு வந்தான். வீடு தலைகீழாகக் கிடந்தது. இழுப்பறைகள் எல்லாம் கவிழ்ந்திருந்தன, நூல்கண்டுகள் தரையெங்கும் உருண்டு கிடந்தன, பீரோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளறையில் ஸ்டூல் மேல் ஏறி, நிறைந்த வயிற்றை அலமாரியில் சாய்த்துக்கொண்டு, பரணுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் மனைவி. ஸ்டூலின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கால் ஆடும், சரி பண்ணித் தாருங்கள் என்று அவள் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் சரி பண்ணுகிறவனுக்கு அதற்கு நேரமில்லை.

அவன் பாய்ந்து போவதற்கும் ஸ்டூல் சாய்வதற்கும் சரியாக இருந்தது. அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டு சுவரில் முதுகு மோத உட்கார்ந்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கையை வைத்துப் பார்த்தான். கல்லாக இறுகியிருந்தது. உள்ளே அசைவே இல்லை. அவளை மூச்சு விடச் சொன்னான். தான் விட மறந்திருந்தான். அப்படியே இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வயிறு மெல்லத் தளர்ந்தது. உள்ளேயிருந்து அவன் உள்ளங்கையில் ஒரு உதை விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது.

உயிர் திரும்பியதும் கோபம் வந்தது. அறிவிருக்கிறதா, இந்த நிலைமையில் யாராவது ஸ்டூல் ஏறுவார்களா, அக்கா எங்கே என்று கத்தினான். அண்ணி கடைக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். அப்படி என்ன தலைபோகிற காரியம் என்று கேட்டான். அவள் அழுதாள். மூன்று வருடத்துக்கு முன்பு அந்த ஆஸ்பத்திரியில்கூட அவள் இப்படி அழுது அவன் பார்த்ததில்லை.

"ஒரு குல்லாங்க. வெள்ளைக் குல்லா. எங்க தேடியும் காணல."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருந்தாலும் சமாளித்துக்கொண்டு, போனால் போகிறது, பிள்ளை பிறந்ததும் வேறு ஒன்று தைத்துக்கொள்ளலாம் என்றான்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "எந்தப் பிள்ளைக்கு?"

எந்தப் பிள்ளைக்கு என்றால்? வயிற்றில் இருக்கிற கதீஜாவுக்குத்தான் என்று வாய் தவறி வந்துவிட்டது. அதற்கப்புறம் மறைக்க ஒன்றும் இல்லை. கத்தரிக்கோல் முதல் ஒட்டகம் வரை, டூல்ஸ் பெட்டி வரை, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின் குழப்பிக் கொட்டினான். குறைமாதத்தில் பிறந்தவள் என்று அர்த்தமாம், அது தெரியாமல் நீ கூப்பிட்டுக்கொண்டிருந்தாய், நான் பயந்துவிட்டேன் என்றான்.

"தெரியும்," என்றாள் அவள். "தெரிஞ்சுதான் வெச்சேன்."

அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று வருடமாகச் சொல்லாததை மெல்லச் சொன்னாள். அன்றைக்கு, இவன் படியேறி இறங்கி ஓடிக்கொண்டிருந்த அந்தப் பகலில், கண்ணாடிப் பெட்டிப் பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தாளாம். ஆறடி உயரம், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. நானே ஏழாம் மாதத்தில் பிறந்தவள்தான், அதனால்தான் எங்கள் அப்பா கதீஜா என்று வைத்தார், என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தாளாம். பிள்ளைக்கு ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், அம்மா குரல் கேட்கட்டும் என்றாளாம்.

"நான் அவ பேரையே வெச்சேன். அவளை மாதிரியே தேறிடட்டும்னு. சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு தடவை கண்ணைத் திறந்து பாத்தா." பக்கத்தில் உருண்டு கிடந்த நூல்கண்டு ஒன்றை எடுத்துச் சுற்றினாள். "அவ பேரில்லாம போகலங்க. உங்களுக்குத்தான் தெரியாது."

தலைக்கு ஒன்றும் இல்லாமல் கொண்டுபோய்விட்டார்களே என்றுதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அந்தக் குல்லாவைத் தைத்திருக்கிறாள். பேச வேண்டாம் என்று இவன் சொல்லிவிட்டதால் இழுப்பறையில் வைத்துக்கொண்டு தனியாகப் பேசியிருக்கிறாள். வயிற்றோடு இல்லை. போய்விட்ட அந்த முதல் மகளிடம், அக்காக்காரியிடம் சொல்வதுபோல, உள்ளே இருந்து உதைக்கிறதைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். குல்லா காணாமல் போன பிறகு யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

"நேத்தோட ஏழு முடிஞ்சுது. அவ நின்ன இடத்தை இது தாண்டிடுச்சு. அதைச் சொல்லணும்னுதான் தேடினேன்."

அவன் எழுந்து போனான். எப்படிப் போனான், வண்டியை எந்த வழியாக ஓட்டினான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. நான்காவது மாடியில் மொழிபெயர்ப்பாளர் எதிர்ப்பட்டு, நண்பருக்கு என்ன குழந்தை என்று கேட்டாள். பெண் என்றான். பேர் என்ன வைத்தார்கள் என்றாள். கதீஜா என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனான்.

டூல்ஸ் பெட்டியில் குல்லா பத்திரமாக இல்லை. ஸ்பேனரிலிருந்து கிரீஸ் ஊறி, நெற்றிப் பக்கம் கறுப்பாகத் திட்டுப் படிந்திருந்தது. ரோப்பில் பூசுகிற கிரீஸ். எந்த சோப்புக்கும் போகாது. வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே வந்தான். வீட்டில் குல்லாவை நீட்டிக்கொண்டு நின்றான்.

அவள் கறையைப் பார்த்தாள். கட்டை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"இருக்கட்டும். இத்தனை நாளா அப்பா கையே படாம இருந்துச்சு."

அவன் அவள் பக்கத்தில், தரையில், நூல்கண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தான். அவள் குல்லாவை விரித்து அவன் கையில் மாட்டினாள். மூடிய கையில் சரியாக உட்கார்ந்தது. அப்போதுதான் அளவு தெரிந்தது. இந்த அளவுத் தலையை இதே கையில் ஏந்திக்கொண்டு அவன் ஒரு மாலை முழுவதும் நடந்திருக்கிறான். எப்படி மறந்தான்? மறந்தானா? அதுவும் அவனுக்குப் புரியவில்லை.

"கூப்பிடுங்க," என்றாள்.

"கதீஜா," என்றான். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "கதீஜா, அப்பா பேசறேம்மா."

அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூன்று வருடம் பேசாமல் இருந்த மகளிடம் எங்கே தொடங்குவது? திருதிருவென்று மனைவியைப் பார்த்தான். இன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள், போதும் என்றாள் அவள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னிக்கு உங்கம்மா என்ன பண்ணா தெரியுமா," என்று கோள் சொல்ல ஆரம்பித்தான். "ஸ்டூல் மேல ஏறிட்டா."